கையை எடுக்கட்டும்

பிள்ளை முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருக்கிறதாம். வயிற்றுக்குள் கிடக்கிற ஐந்து மாதப் பிள்ளை. அங்கே யார் பார்த்துவிடப் போகிறார்கள் என்று அதற்கு இந்த மறைப்பு. ஸ்கேன் எடுக்கிற டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள், கொஞ்சம் நடக்கட்டும், பிள்ளை புரண்டு கையை எடுத்துவிடும், அரை மணி கழித்து வாருங்கள், உதட்டைப் பார்த்துவிடலாம். உதட்டைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தது. மற்றதெல்லாம் பார்த்தாயிற்று. இருதயம் அடிக்கிறது, முதுகெலும்பு நேராக இருக்கிறது, காலும் கையும் சரி. உதடு ஒன்றுதான் பாக்கி. கொம்பையா மகளுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார், நின்றார், திரும்பிப் பார்த்தார், மறுபடி நடந்தார். மெல்ல நடக்கத் தெரியாது அவருக்கு. பூச்சிமருந்து டப்பாவை முதுகில் கட்டிக்கொண்டு ஊர்ப் பருத்திக் காடெல்லாம் சால் சாலாகக் கூலிக்கு நடந்த கால். நின்றால் மருந்து ஓர் இடத்திலேயே கொட்டிப்போகும், நடந்துகொண்டே இருக்க வேண்டும். செண்பகவல்லி பின்னால் வந்தாள். ஒரு கை வயிற்றுக்கு அடியில், இன்னொரு கை வாய்மேல். சேலை முந்தியைச் சுருட்டிப் பிடித்து வாயைப் பொத்தியிருந்தாள். வெயிலுக்கு என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். வெயிலுக்கு இல்லை. பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அந்தக் கை அங்கேதான். கல்யாணப் போட்டோவில் போட்டோக்காரன் கையை எடும்மா எடும்மா என்று கெஞ்சி, கடைசியில் மருமகன் சுந்தரபாண்டி சிரித்துக்கொண்டே அவள் மணிக்கட்டைப் பிடித்து இறக்கினான். அவன் நல்லவன்தான். அவன் அம்மா பேச்சைத் தட்டாத நல்லவன். வயிற்றுப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தது, வாயைப் பொத்து என்று. கொம்பையா நின்று காறித் துப்பினார். தீப்பெட்டி ஆபீஸ் பக்கமிருந்து கந்தக நெடி வந்தது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டார்.

கோவில்பட்டியில் அந்தத் தெரு நீளமாக இருந்தது, நிழல் மட்டும் இல்லை. மெத்தைக் கடை, தையல் கடை, பூட்டிக் கிடந்த ஒரு டுடோரியல், அப்புறம் கரும்புச் சாறு வண்டி. அவர் ஒரு டம்ளர் வாங்கினார். ஐஸ் வேண்டாம் என்றார். இஞ்சி போடாதே என்றார். வண்டிக்காரன் எலுமிச்சை பிழியலாமா என்று கேட்டதற்கு, சும்மா குடுப்பா என்று அதட்டினார். செண்பகம் வண்டிக்குப் பின்னால் ஒதுங்கி, தலையைக் குனிந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். அப்படித்தான் அவளுக்குக் குடிக்கவரும். பிறக்கும்போதே பிளந்திருந்த மேல்வாயைத் தைத்த இடத்தில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை மூடாமலே நின்றுவிட்டது. நிமிர்ந்து குடித்தால் மூக்கில் ஏறும். குனிந்து குடித்தும் ஒரு சொட்டு மூக்கு நுனியில் வந்து நின்றது. துடைத்துக்கொண்டாள். கடலை மிட்டாய் ஊருக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்து ஒரு துண்டு கடலை மிட்டாய் நிம்மதியாகத் தின்றதில்லை இந்தப் பிள்ளை. அந்தச் சொட்டைப் பார்த்ததும் அவருக்குப் பால் ஞாபகம் வந்தது. பால் வேண்டாம் என்று மனசை இழுத்தார். அது வேறு பக்கம் போவதுபோல் போய், சுற்றிக்கொண்டு அதே பாலுக்கு வந்து நின்றது. இவள் பிறந்த அன்றைக்கு மூக்கு வழியாக வந்த பால். அதற்கும் முன்னால், அவர் ஆறேழு வயசுப் பையனாக இருந்தபோது, இன்னொரு மூக்கு வழியாக வந்த பால். இன்றைக்குக் காலையில்தான் அதை வாய்விட்டுச் சொன்னார். டாக்டரம்மா செண்பகத்தின் உதட்டைப் பார்த்துவிட்டு, உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்திருக்கா ஐயா என்று கேட்டாள். முன்னே இவளுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர்கள் கேட்டபோதெல்லாம் இல்லை என்றுதான் சொல்லியிருந்தார். பொய் சொல்ல வேண்டும் என்றில்லை. அப்படி ஒருத்தன் இருந்தான் என்பதே கணக்கில் இல்லாத மாதிரி வீட்டில் வைத்திருந்தார்கள். இன்றைக்கு என்னவோ, "எனக்கு ஒரு தம்பி" என்று வாய் சொல்லிவிட்டது. செண்பகம் மெத்தையில் படுத்தபடியே தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் முதுகில் ஒட்டிக்கொண்டு வருகிறது.

டம்ளரைக் கொடுத்துவிட்டு நடக்கத் தொடங்கியதும் அவள் கேட்டாள். "எப்பா, அந்தச் சித்தப்பா பேரு என்ன?" மூக்கால் வருகிற பேச்சு, வெளி ஆட்களுக்கு இரண்டாம் தடவை கேட்டால்தான் புரியும். அவருக்கு இவள் பேச்சுத்தான் பேச்சு. "பேரு வைக்கல" என்றார். வேறு சொல்ல என்ன இருக்கிறது. தம்பி பிறந்தபோது ஆத்தா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். பொம்பளைகள் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்கள். சீனித் தண்ணியில் துணியை நனைத்து வாயில் வைத்தார்கள், அதுவும் மூக்கில் வந்தது. போய் விளையாடுலே என்று இவரை விரட்டினார்கள். இவர் போகவில்லை. மாட்டுத் தொட்டியை ஒட்டி நின்றார். உள்ளே பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு அது பூனைக்குட்டி கொட்டாவி விடுகிற மாதிரி ஆனது. பிறகு அதுவும் இல்லை. பால் இறங்கல என்று சொன்னார்கள், அவ்வளவுதான். பால் இறங்கலையா, இறக்கலையா. இந்தக் கேள்வி வயசு ஏற ஏறத்தான் வந்தது. வந்தபோது கேட்பதற்கு ஆள் இல்லை. ஆத்தா செண்பகம் பிறந்து கொஞ்ச நாள்வரைக்கும்தான் இருந்தாள். இந்தப் பிள்ளையைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "விட்டுர்றா கொம்பையா, கஷ்டப்படுத்தாத" என்றாள். ஒரு பிள்ளையை அப்படி விட்டவளுக்குத்தான் அந்தக் குரல் வரும். கொம்பையா பிள்ளைக்குப் பால் புகட்டுகிற பாலாடையை எடுத்தார். பெண்டாட்டி குருவம்மாள் டம்ளரில் பீய்ச்சிக் கொடுப்பாள். பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, நாக்குக்கு அடியில் ஒரு சொட்டு. அது இறங்கினதும் ஒரு சொட்டு. புரை ஏறினால் குப்புறப் போட்டுத் தட்டி மறுபடியும். எதற்கும் பொறுக்காத மனுசன், சோறு ஒரு நிமிஷம் தாமதமானால் தட்டைத் தள்ளுகிறவர், அந்த ஒரு வேலைக்குப் பொறுத்தார். குருவம்மாள் பார்த்துச் சிரிப்பாள். இந்த மாமாவா அந்த மாமா என்பாள்.

மாமாதான். சொந்த அக்கா மகளைத்தான் கட்டினார். உரிமைப்பட்ட பெண்ணை விட்டுக்கொடுத்தால் அக்கா வீட்டு வாசலை மிதிக்க முடியுமா. டாக்டரம்மா இதையும் கேட்டாள். சொந்தத்தில் கல்யாணமா? ஆமாம். அப்படியென்றால் தம்பி ரத்தம் இந்தப் பக்கம் இவர் வழியாக, அந்தப் பக்கம் அக்கா வழியாக. இரண்டு வாய்க்காலும் ஒரே கிணற்றிலிருந்து. ஆனால் அதனால்தான் என்றும் சொல்லிவிட முடியாதாம். கொஞ்சம் ரத்தத்தில் வருமாம், கொஞ்சம் வெளியிலிருந்து வருமாம். சத்துக் குறைவு, புகை, விஷம், சில வலிப்பு மாத்திரைகள். இரண்டும் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொள்ளவும் செய்யுமாம். பாதிப் பேருக்கு ஏன் என்றே தெரியாதாம். ஏன் என்று தெரியாது என்பதற்கு இத்தனை வருசப் படிப்பா. தெரியும் என்று சொல்லட்டும். உன்னால்தான் என்று சொல்லட்டும். விரலை நீட்டினால் போதும், அந்த விரலுக்கு முன்னால் போய் நின்றுகொள்வார். ஊர் அப்படித் தடுமாறவில்லை, பட்டென்று சொன்னது. கிரகணத்தில் குருவம்மாள் அரிவாள்மனை தொட்டாள், அதுதான் பிள்ளை உதட்டை வெட்டிவிட்டது. தொட்டாள்தான். வெங்காயம் ஒன்றே ஒன்று. வைகாசி வெயிலில் காட்டிலிருந்து வந்து கஞ்சி எங்கே என்று இவர் நின்றார். கிரகணம் விடட்டும் மாமா என்றாள். கிரகணம் உனக்கு, பசி எனக்கு என்றார். கடிக்க வெங்காயம் இல்லாமல் கஞ்சி இறங்காது இவருக்கு. வெட்டினாள். முழுசாகக் கடித்திருக்கலாமே. ஏன் கடிக்கவில்லை. பிள்ளை பிறந்த பிறகு ஊரும் சொன்னது, ஆத்தாவும் சொன்னாள், அவளைப் பெற்ற அக்காவும் சொன்னாள். குருவம்மாள் ஒருத்தியிடமும், இந்த மனுசன் கேட்டுத்தான் வெட்டினேன் என்று சொல்லவில்லை. சாகிறவரைக்கும் சொல்லவில்லை. ஒரு நாள் சண்டையில்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவருக்கு ஒரு தூக்கமாவது வந்திருக்கும். இன்றைக்கு டாக்டரம்மா விளக்கினாள், உதடு இரண்டாம் மாசத்திலேயே இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்துவிட வேண்டுமாம், அப்போது சேராதது அப்புறம் சேராது, அப்போது சேர்ந்தது எதனாலும் பிளக்காது. கிரகணம் வந்தது ஏழாம் மாசம். அப்படியானால் வெங்காயம் இல்லை. குருவம்மாள் இல்லை. அவள் சமாதியில் போய்ச் சொல்லலாம், நீ இல்லையாம் என்று. அவளுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கும்.

வெங்காயம் போனதும் மனசு மருந்து டப்பாவில் போய் நின்றது. இரண்டாம் மாசம் என்றால் மார்கழி. மார்கழியில் பருத்தி பூப்பிடித்துக் காய்ப்புழு இறங்குகிற சமயம். விடிந்ததும் கிளம்பி இருட்டும்வரை மருந்து. சட்டை, கைலி, தலைத்துண்டு எல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்து நாறும். அவிழ்த்துப் போட்டதை அவள்தான் துவைத்தாள். வாந்தி எடுத்துக்கொண்டே துவைத்தாள், மசக்கை வாந்தி என்று நினைத்தார்கள். ராத்திரி படுத்துக்கொண்டு இவர் பீடி இழுப்பார், அந்தப் புகையும் அதே குச்சு வீட்டுக்குள்தான். ஆக, எந்தப் பக்கம் போனாலும் வழி இவர் வாசலில்தான் வந்து முடிகிறது. மருந்தா, இவர் முதுகில் வந்தது. புகையா, இவர் வாயில் வந்தது. ரத்தமா, அதுவும் இவருடையது. இதையெல்லாம் அவராகவே யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார், டாக்டர் யாரும் சொல்வதற்கு முன்னாலேயே. விஷம்தான். உடம்புக்குள் போகிற விஷம். அந்த முடிவை வைத்துக்கொண்டுதான் போன தை மாசம் அந்தக் காரியத்தைச் செய்தார். செண்பகம் நாள் தள்ளிப்போய்ச் சில நாள் இருந்துவிட்டுப் போக வந்திருந்தாள். பையில் மாத்திரை அட்டை இருந்தது. சின்னச் சின்ன மஞ்சள் மாத்திரை. மூணு மாசத்துக்கு எந்தக் கண்றாவியும் வயிற்றுக்குள் போகக்கூடாது என்று சத்தம் போட்டு, அட்டையைப் பிடுங்கிக் கொண்டுபோய்க் குப்பைக்குழியில் எறிந்தார். எறிந்ததோடு விட்டாரா, குச்சியால் கிண்டி மூடினார். கடைக் கத்தரிக்காய் கூடாது என்றார். தோட்டத்தில் மருந்து படாமல் தானே விளைவித்த வெண்டைக்காயைப் பறித்துக் கொடுத்தார். புழு இருந்தது அதில். புழு இருந்தால்தான் நல்லது என்றார். மகளைக் காப்பாற்றிவிட்ட மிதப்பு. காலையில் டாக்டரம்மா, ஆரம்பத்துல ஃபோலிக் மாத்திரை போட்டீங்களாம்மா என்று கேட்டு, அந்த மாத்திரைதான் அந்த நாளில் பிள்ளைக்கு வேண்டியது, இந்த மாதிரிக் குறை வராமல் இருக்கவும் கொஞ்சம் கைகொடுக்கலாம் என்று சொன்னபோது, கொம்பையா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரில் ஆணா பெண்ணா என்று கேட்பது குற்றம் என்று எழுதியிருந்தது. அதையே திரும்பத் திரும்பப் படித்தார். "போட்டேன் டாக்டர்" என்றாள் செண்பகம், இவர் பக்கம் பார்க்காமல்.

தெரு முடிந்து திரும்பினார்கள். மகள் கையில் இருந்த துணிப்பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பையில் செல்போன் கிடந்து இரண்டு தடவை அடித்து ஓய்ந்திருந்தது. சம்பந்தியம்மாள்தான், வேறு யார். போன வாரமே போனில் இதமாகத்தான் சொன்னாள். பார்த்துவிட்டு வாருங்கள் அண்ணாச்சி, ஒன்றுமில்லை என்றால் சந்தோசம், அப்படி எதுவும் இருந்தால் உடனே சொல்லுங்கள், இன்னும் நாள் இருக்கிறது. நாள் இருக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குப் புரிய ஒரு ராத்திரி ஆயிற்று. மறுநாள் சுந்தரபாண்டி திருப்பூரிலிருந்து பேசினான், இழுத்து இழுத்து, அம்மா சொல்றதும் ஒரு விதத்துல சரிதானே மாமா என்றான். செண்பகம் மாதிரிப் பிள்ளை என்றால் வேண்டாம். அதாவது செண்பகம் மாதிரி ஒன்று இந்த உலகத்துக்கு வந்திருக்க வேண்டாம். ஆத்தா சொன்னது இதே வார்த்தைதான், இப்போது போன் வழியாக வருகிறது. கை எடுக்காமலே இருந்துவிடேன் என்று வயிற்றுப் பிள்ளையிடம் மனசுக்குள் சொன்னார். பொத்திக்கொண்டே இரு. பிறந்து வந்து கையை எடு, அப்புறம் யார் என்ன செய்துவிட முடியும். உடனே, சே, எடுத்துவிடு, எடுத்துக் காட்டிவிடு, இந்த அரை மணியைத் தாங்க முடியவில்லை என்றும் சொன்னார். செண்பகம் மெத்தைக் கடைப் படியில் உட்கார்ந்தாள். உட்காராத, நடக்கச் சொல்லியிருக்கு என்று அதட்ட வாய் வந்தது. அடக்கிக்கொண்டார். "தாயி" என்றார். அவள் நிமிர்ந்தாள். "அந்த மாத்திரை" என்றார். அவள் சிரித்தாள், முந்திக்குப் பின்னால். "அதுக்காப்பா இப்படி ஓட்டமா ஓடுறீங்க? மறுநாளே நர்ஸக்காகிட்ட வேற அட்டை வாங்கிட்டேன். அரிசிப் பானைக்குள்ள வச்சிருந்தேன். ஒரு நாள் விடாம முழுங்கினேன். உங்ககிட்ட சொன்னா அதையும்ல புதைப்பீங்க." கொம்பையா தெருவைப் பார்த்தார். ஒரு கோழி லாரிக்கு அடியில் புகுந்து வெளியே வந்தது. நெஞ்சில் இருந்த கல்லை யாரோ தூக்கின மாதிரி இருந்தது. தூக்கினவர்கள் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரியும் இருந்தது. குருவம்மாள் மகள் இவள். வெங்காயத்தை மறைத்தவள் மகள். கிழவன் மனசு உடைந்துவிடக்கூடாது என்று டாக்டரிடம் சொன்ன பொய்யை இவரிடமும் சொல்கிறாளோ. அரிசிப் பானை என்கிறாள். அந்தப் பானையில் தினமும் கைவிட்டு அரிசி அளந்தது இவர்தானே, ஒரு அட்டை கையில் தட்டுப்படாமலா இருக்கும். அடியில் வைத்திருப்பாள். அடியில்தான். அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் பாதி முகம் சேலைக்குள் இருக்கிறது. பாதி முகத்தை வைத்துக்கொண்டு எதைக் கண்டுபிடிப்பது. "எந்திரி, நடப்போம்" என்றார்.

உள்ளே குளிராக இருந்தது. டாக்டரம்மா இந்தத் தடவை அவரையும் பக்கத்தில் ஸ்டூலில் உட்காரச் சொன்னாள். செண்பகத்தின் வயிற்றில் பசை மாதிரி எதையோ தடவிக் கருவியை வைத்து நகர்த்தினாள். திரையில் ஒன்றுமில்லை, மார்கழிப் பனி இறங்கின காடு மாதிரி ஒரே சாம்பல். அதற்குள் ஏதோ அசைந்தது. "கையை எடுத்துட்டாங்க" என்றாள் டாக்டரம்மா. எடுத்துவிட்டது. குட்டிக் கை ஒன்று தலைக்குமேல் போய், சோம்பல் முறிக்கிற மாதிரி நின்றது. கருவி ஓர் இடத்தில் நின்றது. நகர்ந்தது. திரும்ப அதே இடத்துக்கு வந்தது. டாக்டரம்மா பேச்சை நிறுத்தியிருந்தாள். பேசாத டாக்டரைப் பார்த்துப் பழகின மனுசன் அவர், அப்போதே தெரிந்துவிட்டது. படத்தை நிறுத்திவைத்து, விரலால் காட்டினாள். மூக்கு, கீழ் உதடு, தாடை. மேல் உதட்டில் இடது பக்கம் உழுத சால் மாதிரி ஒரு கறுப்புக் கோடு, மூக்குவரைக்கும் ஏறியிருந்தது. மேல்வாய் எப்படி என்று இப்போது சொல்ல முடியாது, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது, இது சரி செய்யக்கூடியதுதான், இப்போது முன்னை மாதிரி இல்லை, நிறைய வசதி வந்துவிட்டது என்று ஒவ்வொன்றாக மெல்லச் சொன்னாள். செண்பகத்திடம் குனிந்து, உங்க தப்பு எதுவும் இல்லம்மா, யார் தப்பும் இல்ல என்றாள். மாத்திரை விழுங்கியும் வந்துவிட்டது. அல்லது விழுங்காமல் வந்தது. எதுவென்று இனி எந்தக் காலத்திலும் தெரியாது. கொம்பையா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்க்கப் பயமாக இருந்தது. "எப்பா" என்றாள் அவள். பார்த்தார். திரையை நன்றாகப் பார்க்கத் தலையைத் தூக்கி, இரண்டு கையையும் மெத்தையில் ஊன்றியிருந்தாள். முந்தி நழுவிக் கிடந்தது. தையல் தழும்பும், ஒரு பக்கமாக இழுத்த மூக்கும், முழு முகமும் வெளிச்சத்தில் இருந்தது. கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. "என்னை மாதிரியே இருக்குப்பா" என்றாள். அந்தச் சாம்பலிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அந்தப் பாலாடை இருக்கா இன்னும்?" என்று கேட்டாள். "இருக்கு" என்றார். பெட்டிக்குள் குருவம்மாளின் சேலையில் சுற்றி வைத்திருக்கிறது. கறுத்துப்போயிருக்கும், புளி போட்டு விளக்க வேண்டும். வெந்நீரில் போட்டு எடுத்த பாலாடையில்தான் பிள்ளை குடிக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக. கை நடுங்குகிறது இப்போதெல்லாம். பிறப்பதற்குள் பழகிக்கொள்ளலாம், தண்ணியை வைத்துப் பழகலாம்.

அவள் துடைத்துக்கொண்டு எழுந்து வரட்டும் என்று வெளியே வராந்தாவுக்கு வந்தார். பைக்குள் போன் மறுபடி அடித்தது. அடிக்கட்டும் என்று நின்றார். பிறகு எடுத்தார். என்னாச்சு அண்ணாச்சி என்றாள் சம்பந்தியம்மாள், பிள்ளை பெற்ற மனசுக்காரி, குரல் அவளுக்கும் ஆடியது. பிள்ளை நன்றாக இருக்கிறது, உதடு பிளந்திருக்கிறது என்றார். அவள் மெல்ல, நான் சொன்னது மாதிரி நாள் இன்னும் இருக்கு அண்ணாச்சி, யோசிக்கலாமே என்றாள். "நாளெல்லாம் எண்ண வேண்டாம் தாயி. அவ பெத்துக்கிடுதா. பால் நான் ஊட்டிக்கிடுவேன்." அவள் அழத் தொடங்கினாள். எங்க வகையில ஒருத்தருக்கும் இப்படிக் கிடையாதே, இது எங்கேயிருந்து வந்து சேர்ந்துச்சு என்று அழுகைக்குள்ளேயே கேட்டாள்.

"எங்க வீட்டு ஜாடை. என் தம்பி மாதிரி இருக்கு."

"உங்களுக்கேது அண்ணாச்சி தம்பி?"

ஸ்கேன் அறைக் கதவு திறந்தது. செண்பகம் வந்தாள், இரண்டு கையும் வயிற்றில்.

"இருந்தான்" என்றார் கொம்பையா.